மருத்துவ அறிக்கையில் வரும் நோய்ச் சொற்களைப் படிப்பது எப்படி? ரத்தசோகை முதல் மரபணுக் குறைபாடு வரை

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி கையில் ஒரு தாளோடு வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. “அக்கா, பிள்ளைக்கு ரத்தத்துல நோயாம். நாளைக்கு எப்படிக் கட்டிக் குடுப்பேன்? எங்க மாமியார் ராத்திரியெல்லாம் தூங்கல. எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கிடையாதேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க” என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியில் எடுக்கும் தலசீமியா சோதனையின் முடிவு அது. தலசீமியா என்பது பெற்றோர் வழியாக வரும் ஒரு ரத்தக் குறைபாடு. ‘பெம்பாவா’ என்று ஒரு மலாய்ச் சொல் இருந்தது, ‘சுமப்பவர்’ என்று பொருள். நோய் என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ரத்தம் பார்த்தவள் நான். தாள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது ஆய்வுக்கூடத்தில் தெரியாது. ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததால் மருமகள் மேல் பழி விழுந்த வீடுகளையும், நிச்சயம் நின்றுபோன வீடுகளையும் ஓய்வு பெற்ற பிறகுதான் பார்க்கிறேன். நம் வீடுகளுக்கு வரும் அறிக்கைகள் மலாயில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் இருக்கும். அதை வீட்டில் தமிழில் சொல்லும்போதுதான் சொல் தடம் மாறுகிறது. அதனால் அன்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து படித்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் அறிக்கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும் வேண்டும்.

முதல் படி: சொல் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள்

அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில். உடம்பில் என்ன தெரிகிறது? அதற்குப் பெயர் என்ன? எத்தனை நாளாக? எதனால்? யாரிடமிருந்து வந்தது, இனி யாருக்குப் போகும்? குழப்பம் எல்லாம் ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு எடுத்துக்கொள்வதால் வருவது.

காய்ச்சல், மஞ்சள் காமாலை, ரத்தசோகை மூன்றையும் நாம் நோய் என்றே சொல்கிறோம். உண்மையில் மூன்றும் அறிகுறிகள். ‘ரத்தம் கம்மி’ என்று கிளினிக்கில் சொன்னால் ஹீமோகுளோபின் அளவு குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். பெரியவர்களில் பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராம். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. இரும்புச் சத்து போதாமல் இருக்கலாம், மாதவிடாயில் அதிகம் போயிருக்கலாம், குடலில் புண்ணிருந்து கசியலாம், சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், மரபணுவில் இருக்கலாம். ரத்தசோகை என்ற சொல்லோடு திருப்தியடைந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். “எதனால டாக்டர்?” என்று கேளுங்கள்.

‘சின்ட்ரோம்’ என்றால் சேர்ந்தே வரும் அறிகுறிகளின் கூட்டம். அது பெயர் மட்டும்தான், காரணத்தைச் சொல்லாது. ‘இடியோபதிக்’ என்று எழுதியிருந்தால் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். பயங்கரமான ஏதோ ஒரு நோயின் பெயர் என்று நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

சொல்லின் வாலைப் பார்த்தாலே பாதி புரியும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: ஹெபடைடிஸ் கல்லீரலில், ஆர்த்ரைடிஸ் மூட்டில். ‘எமியா’ என்றால் ரத்தம். ‘ஓமா’ என்றால் பெரும்பாலும் கட்டி. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, ‘பினைன்’ என்றால் பரவாத கட்டி, ‘மெலிக்னன்ட்’ என்றால் புற்று. ‘பதி’ என்றால் அந்த உறுப்பில் கோளாறு: நியூரோபதி நரம்பில், ரெட்டினோபதி விழித்திரையில். சொல்லின் தலையில் ‘ஹைப்பர்’ வந்தால் கூடுதல், ‘ஹைப்போ’ வந்தால் குறைவு. இந்தக் கடைசி இரண்டையும் மட்டும் இரண்டு முறை படியுங்கள். இனிப்பு நீர் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் செய்ய வேண்டியது நேரெதிர்.

இரண்டாம் படி: எத்தனை நாளாக?

இது சின்னப் படிதான். ‘அக்யூட்’ என்றால் திடீரென்று வந்தது, ‘க்ரோனிக்’ என்றால் நாட்பட்டது. அக்யூட் என்பதை ‘கடுமையான’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. சாதாரணச் சளி அக்யூட்தான், ஒரு வாரத்தில் போய்விடும். சத்தமே இல்லாமல் பத்து வருஷம் சிறுநீரகத்தைத் தின்கிற நோய் க்ரோனிக். எது பயப்பட வேண்டியது என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாம் படி: எதனால்?

எளிமையாக நான்கு பெட்டி போடலாம். கிருமியால் வருவது தொற்றுநோய்: டெங்கி, காசநோய், கோவிட். சத்துப் போதாமல் வருவது குறைபாட்டு நோய்: ஸ்கர்வி, ரிக்கெட்ஸ், இரும்புச் சத்தில்லாத ரத்தசோகை. மரபணுவில் அல்லது மரபணுக்களைத் தாங்கியிருக்கும் குரோமோசோமில் உள்ள மாற்றத்தால் வருவது மரபணு நோய். பல காரணங்கள் கூடி வருவது நான்காவது பெட்டி: இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் அதில். நம்மவர்கள் வீட்டில் அந்த நாலாவது பெட்டிதான் நிரம்பியிருக்கிறது. 2019ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு, தட்டில் விழும் சோற்றுக்கும் பங்குண்டு. “எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வரத்தான் செய்யும்” என்று கைவிட்டுவிட வேண்டாம்.

பெட்டி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இரண்டு பெரிய கதைகள் இருக்கின்றன.

ஒன்று பெரிபெரி. நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் ஆயிரக்கணக்கானவர்கள் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று செத்துப்போனார்கள். அதைத் தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது வந்தது. அதே ஊரில் புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905ல் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்கள் பக்கம்தான் நோய் வந்தது. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும், அரிசி தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டினார்கள். அதைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்தில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் புழுங்கல் அரிசிப் பழக்கத்தை விடாமல் வைத்திருந்ததே அவர்கள் உயிரைக் காத்திருக்கிறது. இதைப் படித்த நாள் முதல் புழுங்கல் அரிசி மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நன்றி தோன்றும்.

இன்னொன்று நிப்பா. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் தொடங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் ஊசி போட்டவர்களே விழுந்தார்கள். அதுவும் பன்றியோடு வேலை செய்யும் பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். காரணத்துக்குச் சரியான பெயர் கிடைத்த பிறகுதான் சரியான நடவடிக்கையும் தொடங்கியது.

ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டால் அந்த ஊரார் படும் பாடு பெரிது. அதனால்தான் புதிய நோய்களுக்கு ஊர், இனம், ஆள் பெயர்களை வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் அறிவுறுத்தியது.

நான்காம் படி: பிறவி, பரம்பரை, மரபணு மூன்றும் வேறு வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நம் வீடுகளில் இந்த மூன்று சொல்லையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, கடைசியில் அதைப் பிள்ளை பெற்றவள் தலையில் ஊற்றுகிறோம்.

பிறவி என்றால் பிறக்கும்போதே இருப்பது. அது காலத்தைச் சொல்லும் சொல். பரம்பரை என்றால் பெற்றோரின் மரபணு வழியாகப் பிள்ளைக்கு வருவது. அது வழியைச் சொல்லும் சொல். மரபணு நோய் என்றால் மரபணுவிலோ குரோமோசோமிலோ மாற்றம் இருப்பது. அது இடத்தைச் சொல்லும் சொல்.

பொருத்திப் பாருங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடோ இதயக் குறையோடோ காது கேளாமலோ பிறக்கலாம். அது பிறவிக் குறை. பரம்பரை இல்லை, மரபணுவும் இல்லை.

டவுன் சின்ட்ரோம் பிறவியிலேயே இருப்பது, குரோமோசோமில் இருப்பது. ஆனால் பரம்பரை என்று சொல்ல முடியாது. நூற்றில் 95 பேருக்கு, முட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்தில் 21ஆம் குரோமோசோம் தற்செயலாகக் கூடுதலாக ஒன்று சேர்ந்துவிட்டதே காரணம். மிகச் சிலருக்கு மட்டும் பெற்றோர் ஒருவரின் குரோமோசோம் இடமாறியிருப்பதால் வரும். அதைக் குழந்தையின் குரோமோசோம் சோதனையிலேயே கண்டுகொள்ளலாம். தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும், 35 வயதில் சுமார் 350ல் ஒன்று, 40 வயதில் சுமார் 100ல் ஒன்று. ஆனால் தாய் சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ, யார் பாவத்தாலோ வருவதில்லை. 1866ல் இதை விவரித்த லாங்டன் டவுன் என்ற மருத்துவரின் பெயர்தான் ‘டவுன்’. ‘கீழே’ என்ற பொருள் அதில் இல்லை. 1959ல் லெஜூன் குழுவினர் கூடுதல் குரோமோசோமைக் காட்டினார்கள். முன்பு வழங்கிய ‘மங்கோலிசம்’ என்ற பெயர் ஓர் இனத்தையே இழிவுபடுத்தியது. அதை 1960களிலேயே கைவிட்டுவிட்டார்கள். இங்கே சில பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

தலசீமியாவின் கடுமையான வகையான பீட்டா தலசீமியா மேஜர் பரம்பரை நோய், மரபணு நோய். ஆனால் பிறக்கும்போது குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். கருவில் வேலை செய்யும் ஹீமோகுளோபின் வேறு. அது பிறந்த சில மாதங்களில் குறைந்து பெரியவர்களின் ஹீமோகுளோபினுக்கு வழிவிட வேண்டிய நேரத்தில்தான் குறை வெளியே தெரியும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தை வெளிறிப்போகும். “பொறந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, நீதான் சரியா பாக்கல” என்று தாயைச் சொன்னால் அது பெரிய அநியாயம்.

புற்றுநோய் எல்லாமே செல்லின் மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் வருவதுதான். ஆனால் பெரும்பாலானவை வாழ்நாளில் சேர்ந்த மாற்றங்கள், பிள்ளைக்குப் போகாது. நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை. ஒரே குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ பலருக்கு வந்திருந்தால் பிஆர்சிஏ மரபணுக்களைச் சோதிப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கடைசியாக, குடும்பத்தில் பலருக்கு வந்தால் அது பரம்பரை என்று ஆகிவிடாது. ஒரே அறையில் படுக்கிறவர்களுக்குக் காசநோய் வருவது காற்றால். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி போவது கிருமியால். அதைத் தடுக்கத்தான் 1989 முதல் இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

ஐந்தாம் படி: பேரேடும் வரியும்

மரபணு, குரோமோசோம், டிஎன்ஏ மூன்றுக்கும் உறவு புரிந்தால் மீதி தானாக வரும். பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. ஒவ்வொருவர் பெட்டியடியிலும் பேரேடுகள் இருக்கும். உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 46 பேரேடுகள், அவைதான் குரோமோசோம்கள். 23 அப்பாவிடமிருந்து வந்தவை, 23 அம்மாவிடமிருந்து வந்தவை, ஜோடி ஜோடியாக. பேரேட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கும் ஒரு மரபணு. புரதம் செய்யச் சொல்லும் கணக்குகள் மட்டும் சுமார் 20,000. எழுதியிருக்கும் எழுத்துதான் டிஎன்ஏ. 22 ஜோடி எல்லோருக்கும் ஒரே மாதிரி. 23ஆவது ஜோடியில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும்.

ஒரு வரியில் எழுத்துப் பிழையானால் அது மரபணுத் திரிபு, அறிக்கையில் ‘மியூட்டேஷன்’ அல்லது ‘வேரியன்ட்’ என்று இருக்கும். எல்லாத் திரிபும் கெடுதல் செய்வதில்லை. ஒரு பேரேடே கூடுதலாக வந்துவிட்டால் டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு.

ஆறாம் படி: எந்த வழியில் இறங்குகிறது?

ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பிரதி இருக்கிறது அல்லவா? ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றதைப் பார்த்து வேலை ஓடிவிடும் என்றால் அந்த நோய் ஒடுங்கு தன்மை, அறிக்கையில் ‘ரிசெசிவ்’. ஒரு பிழைப் பிரதி வைத்திருப்பவர்தான் ‘கேரியர்’, மலாயில் பெம்பாவா. தமிழில் சிலர் ‘கடத்தி’ என்று எழுதுகிறார்கள். கிருமியைக் கடத்துகிறவர் மாதிரி அது ஒலிக்கிறது. எனக்குச் ‘சுமப்பவர்’ என்ற சொல்தான் சரி என்று படுகிறது. அவர் நோயாளி இல்லை. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் யாருக்கும் ஒட்டாது. வயதான பிறகு நோயாக மாறவும் செய்யாது.

சுமப்பவர் இருவர் திருமணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய், நான்கில் இரண்டு சுமப்பவர், நான்கில் ஒன்று எதுவுமில்லாத பிள்ளை. “மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்குப் பயமில்ல” என்று கணக்குப் போடாதீர்கள். தாயக்கட்டையை உருட்டுவது மாதிரி ஒவ்வொரு தடவையும் புதிதுதான். சுமப்பவர் ஒருவர், மற்றவர் சுமக்காதவர் என்றால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. பிள்ளைகளில் பாதிப் பேர் சுமப்பவராக இருக்க வாய்ப்புண்டு, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பிழைப் பிரதி போதும் நோயைக் கொண்டுவர என்றால் ஓங்கு தன்மை, ‘டாமினன்ட்’. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. பரம்பரைக் கொலஸ்ட்ரால் இதில் சேரும். உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒல்லியாக இருக்கிற முப்பத்தெட்டு வயதுக்காரர் மாரடைப்பில் போய்விட்டால் “கண்ணு பட்டுடுச்சு” என்று விடாமல் அவருடைய தம்பி தங்கை, பிள்ளைகள் எல்லோரும் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எக்ஸ் குரோமோசோமில் உள்ளவை. ஆணுக்கு ஓர் எக்ஸ்தான், அதனால் அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட மாற்றுப் பிரதி இல்லை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா, சிவப்பு பச்சை நிறக்குருடு, ஜி6பிடி குறைபாடு மூன்றும் இந்த வகை. தாய் சுமப்பவராக இருந்தால் ஒவ்வோர் ஆண் பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போகாது.

ஜி6பிடி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இங்கே பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கும் சோதனை. ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. குறைவாக இருந்தால் சில பொருள்கள் உடம்பில் பட்டதும் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். குழந்தை மஞ்சளாகும், சிறுநீர் கறுத்த தேநீர் மாதிரிப் போகும். ஃபாவா என்னும் பெரிய அவரை, சில மலேரியா மருந்துகள், சில சல்ஃபா மருந்துகள், அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் ஆகியவை ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பாட்டி ஆசையாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார், இடையிடையே அந்துருண்டை போட்டு. கடையில் கப்பூர் பாருஸ் என்று கேட்டு வாங்குவோமே, அதே வெள்ளை உருண்டை. அதைத்தான் எடுத்துத் தம்பிக்குப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை பிழைத்தான். ஜி6பிடி என்று எழுதிக் கொடுத்த அட்டை வீட்டு அலமாரியில்தான் இருந்தது, அதன் பொருளை யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அந்த அட்டை இருந்தால் இன்றைக்கே பர்சில் போடுங்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், நீட்டுங்கள்.

ஏழாம் படி: தலசீமியா அறிக்கையை வரி வரியாக

இப்போது பக்கத்து வீட்டுத் தாளுக்கு வருவோம். ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தம் அது. முழு ரத்தக் கணக்குக்கு அந்தக் குழாய்தான். ஹீமோகுளோபின் 11.4 என்று இருந்தது. அதற்குக் கீழே இருந்த மூன்று வரியைத்தான் பென்சிலால் சுழித்தேன். சிவப்பணு எண்ணிக்கை 5.6. எம்சிவி 66, ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80க்கு மேல் இருக்க வேண்டும். எம்சிஎச் 20.4, ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு, 27க்குக் கீழே போனால் தலசீமியா இருக்கிறதா என்று மேலே பார்க்கச் சொல்வார்கள்.

அணுக்கள் சிறியவை, வெளிறியவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. இரும்புச் சத்துக் குறைந்தவருக்கும் அணு சிறுத்து வெளிறும், ஆனால் அங்கே எண்ணிக்கையும் குறையும். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சாயும், மேலே போனால் இரும்பு பக்கம் சாயும். இந்தப் பிள்ளைக்கு 12க்கும் கீழே. இது ஓர் ஊகக் கணக்குதான், தீர்ப்பு இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னும் அழகாகத் தெரியும்: கண்ணாடித் துண்டில் சாயமேற்றிய அணுக்களின் நடுவில் வெளிறிய வட்டம், அதற்குள் மறுபடி ஒரு பொட்டு. நெற்றியில் வட்டமாக இட்ட திருநீற்றின் நடுவே குங்குமம் வைத்த மாதிரி. ‘டார்கெட் செல்’ என்று அறிக்கையில் வரும்.

அடுத்த தாளில் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. ‘ஏ2’ என்ற ஹீமோகுளோபின் வகைக்கான வரியில் 5.4 விழுக்காடு. அது 4க்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா சுமப்பவர் என்று பெரும்பாலும் உறுதியாகும். இதே வரிசையில் ‘ஹீமோகுளோபின் இ’ என்று வந்தால் அது இந்த வட்டாரத்தில் அதிகம் காணப்படும் இன்னொரு திரிபு. இ சுமப்பவரும் பீட்டா சுமப்பவரும் சேர்ந்தால் பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு நோய் வரக்கூடும். கலப்புத் திருமணம் என்றால் இந்தக் கவலையே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹீமோகுளோபின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வகைப் புரத இழைகளால் ஆனது. ஆல்ஃபா தலசீமியா வேறு. பீட்டா மரபணு 11ஆம் குரோமோசோமில், ஆளுக்கு இரண்டு. ஆல்ஃபா மரபணு 16ஆம் குரோமோசோமில், ஆளுக்கு நான்கு. ஒன்று போனால் ஒன்றும் தெரியாது, இரண்டு போனால் அணு சிறுக்கும், மூன்று போனால் ஹீமோகுளோபின் எச் நோய், நான்கும் போனால் குழந்தை வயிற்றிலேயே நீர் கோத்து, பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஏ2 வரியில் ஆல்ஃபா அகப்படாது. டிஎன்ஏ சோதனை வேண்டும். எம்சிஎச் குறைவு, ஏ2 சரி, இரும்பும் சரி என்றால் “டிஎன்ஏ பார்க்க வேண்டுமா?” என்று கேளுங்கள். இரும்புச் சத்து மிகக் குறைந்திருந்தால் ஏ2 அளவும் இறங்கிக் காட்டலாம் என்பதால் சில நேரம் இரும்பைச் சரிசெய்த பிறகு மறுபடி பார்ப்பார்கள்.

இன்னொன்று. சுமப்பவரின் ரத்தம் பெரும்பாலும் கொஞ்சம் கம்மியாகத்தான் காட்டும். அதைப் பார்த்து இரும்பு மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்க வேண்டியதில்லை. உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ‘ஃபெரிட்டின்’ குறைந்திருந்தால் மட்டும்தான் இரும்பு தேவை.

எட்டாம் படி: குடும்ப வரைபடம்

ஒரு வெள்ளைத் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு, கீழே பிள்ளைகள். நோயுள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புங்கள், சுமப்பவர்களைப் பாதி நிரப்புங்கள். இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, எந்த வயதில், எதனால் என்று பக்கத்தில். சிறு வயதில் இறந்த பிள்ளைகளையும் கலைந்த கருக்களையும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் அவற்றைப் பேச விரும்ப மாட்டார்கள், மெதுவாகக் கேளுங்கள்.

சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனைக் கட்டியிருந்தால் நாலில் ஒரு பங்கு. ஒடுங்கு நோயின் பிழைப் பிரதி இருவரிடமும் இருக்க அதனால்தான் வாய்ப்புக் கூடுகிறது. எந்தத் தம்பதிக்கும் குறையோடு பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது இன்னும் இரண்டு மூன்று கூடும். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். கட்டியாகிவிட்டது என்றால் இப்போது குத்திக்காட்டுவதில் பயனில்லை, கர்ப்பத்துக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுவதில்தான் பயன்.

ஒன்பதாம் படி: டாக்டர் முன்னால்

‘ஸ்கிரீனிங்’ என்பது சல்லடை, ‘டயக்னோசிஸ்’ என்பது முடிவு. சல்லடையில் சிக்கினால் நோய் என்று ஆகாது, அடுத்த சோதனை தேவை என்றுதான் பொருள். ‘நெகட்டிவ்’ என்றால் தேடியது அகப்படவில்லை, அதாவது பெரும்பாலும் நல்ல செய்தி. ‘விளைவு தெளிவில்லாத வேரியன்ட்’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொண்டு எந்த முடிவும் செய்யாதீர்கள்.

இந்த நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: இது நோயா, சுமப்பதா? எந்த வழியில் இறங்குகிறது? குடும்பத்தில் இன்னும் யார் சோதிக்க வேண்டும்? மரபணு ஆலோசனைக்கு எங்கே அனுப்புவீர்கள்? அரசாங்க கிளினிக்கில் தலசீமியா சோதனைக்கு நீங்களாகவே போய்க் கேட்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபணுத் துறையே இருக்கிறது, கடிதத்தின் பேரில் அனுப்புவார்கள். மலாய் தடுமாறும் பெரியவர் என்றால் கூடவே ஒருவர் போங்கள். பிள்ளையின் முடிவைச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அது அந்தப் பிள்ளையின் விஷயம். வரன் பார்க்கும் காலத்தில் அவளே சொல்லிக்கொள்வாள், அப்போது மாப்பிள்ளையும் ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்று மத்தியானம் அந்த வீட்டு வரைபடத்தைப் போட்டு முடித்தபோது மூன்று தலைமுறை ஒரே தாளில் வந்துவிட்டது. பிள்ளைக்கு இருக்கிறது என்றால் அப்பா அம்மாவில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். அடுத்த வாரம் இருவரும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எல்லாம் சரி. அப்பாவுக்கு எம்சிஎச் 21, ஏ2 கூடுதல்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். உள்ளே பழைய கிளினிக் அட்டைகள், பாதி தீர்ந்த இரும்பு மாத்திரைகள். முதல் பிரசவத்திலிருந்து ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்களாம்; ஏன் கம்மி என்று யாரும் பார்க்கவில்லை. “அப்ப இது எங்கிட்டேருந்தா வந்துச்சு?” என்று கேட்டார். இருக்கலாம், தாத்தா உயிரோடு இல்லாததால் உங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை என்றும் சொன்னேன். மருமகள் பக்கம் திரும்பி, “நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா” என்றார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் சேலை கட்டிக்கொண்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு, ரத்தம் கொடுக்கக் கிளம்பி நின்றார்.